அணுவுக்கு எட்டு என்று எண்ணத் தெரியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், "சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும், ரெண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு ஆகிவிடும், அதனால் பிணைப்பு உண்டாகிறது" என்று பாடத்தை ஒப்பித்துவிட்டு, "அப்பா, எட்டு வேணும்னு அணுவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். உங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளியே வரும் என்று டியூஷனில் சொன்னது சரியா என்பதையும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டு கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: தனித்தனியாக இருந்த அணுக்களைச் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது எது? ஆசையா, விதியா, விசையா?

மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 28 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதல் பத்து ஆண்டுகள் நானும் "சோடியம் கொடை வள்ளல்" என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று மனதில் பதியும், பரீட்சையில் எழுதிவிடுவார்கள். ஒரு நாள் பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், சோடியம் தானாவே குடுத்துரும்னா, அதுகிட்டருந்து எலக்ட்ரானை எடுக்க 496 கிலோஜூல் வேணும்னு அட்டவணையில ஏன் சார் போட்டிருக்கு?" சாக்பீஸ் கையில் இருக்க, கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே நின்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரச் சொன்னேன். அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கை மறுநாள் வகுப்பில் எழுதினேன். அதற்குப் பிறகு வள்ளல் கதையை நான் சொன்னதில்லை. அந்தக் கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வாயு நிலையில் இருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து, அதாவது 23 கிராம் சோடியத்திடமிருந்து, ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்களிடம் சேர்த்தால் 349 கிலோஜூல் திரும்பி வரும். 496 ரூபாய்க்கு வாங்கி 349 ரூபாய்க்கு விற்ற கதை. கையை விட்டு 147 போய்விட்டது. இதோடு நின்றிருந்தால் உலகத்தில் உப்பே இருந்திருக்காது. கொடுத்ததும் வாங்கியதும் பிணைப்புக்குக் காரணம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். லாபம் அதற்கு அடுத்த படியில் வருகிறது. இப்போது ஒன்று நேர் மின்னூட்டம் பெற்ற சோடியம் அயனி, மற்றொன்று எதிர் மின்னூட்டம் பெற்ற குளோரைடு அயனி. இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து, வரிசை வரிசையாக அடுக்கிப் படிகமாகும்போது 787 கிலோஜூல் வெளியே வருகிறது. சோடியம் உலோகத்தை ஆவியாக்க 107, அரை மோல் குளோரின் மூலக்கூறுகளைப் பிளக்க 121 என்று மற்றச் செலவுகளையும் சேர்த்துக் கழித்துப் பாருங்கள்: மிச்சம் 412. ஆய்வுக்கூடத்தில் அளந்த மதிப்பு 411. அந்த மாணவி இந்தக் கழித்தலைத் தன் நோட்டில் தானே போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் தூத்துக்குடிக் கல்லுப்பு இருந்தால் ஒரு கைப்பிடியைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒட்டிக்கிடக்கும் கட்டிகளுக்கு நடுவே முனை மழுங்காத சில துண்டுகள் கிடைக்கும். ஓரங்கள் மூலைமட்டம் வைத்து அறுத்ததுபோல் செங்கோணமாக இருக்கும். உள்ளே அயனிகள் அடுக்கியிருக்கும் முறையே அப்படித்தான்: ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இந்தச் சோடியம் இந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று ஜோடி பிரிக்கவே முடியாது. சுற்றிலும் இருக்கும் எல்லா அயனிகளின் இழுப்பையும் தள்ளலையும் கூட்டினால், அதே தூரத்தில் தனியாக நிற்கும் ஒரு ஜோடியின் இழுப்பைப்போல் சுமார் 1.75 மடங்கு வருகிறது. எலக்ட்ரானைக் கொடுத்த நட்டத்தை ஈடுகட்டுவது இந்தக் கூட்டத்தின் இழுப்புதான்.

சரி, அந்த எட்டு எங்கிருந்து வந்தது? அணு எண்ணிப் பார்க்கவில்லை. எட்டைத் தாண்டினால் செலவு தாங்காது, அவ்வளவுதான். சோடியத்திடமிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க 496 ஆயிற்று. இரண்டாவதை எடுக்கப் போனால் 4,562 கிலோஜூல். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. அயனிகள் படிகமாக அடுக்கும்போது வரும் எந்தப் படிகக்கூட்டு ஆற்றலும் சோடியத்தின் இந்தக் கடனை அடைக்காது. முதல் எலக்ட்ரான் வெளித் திண்ணையில் இருந்தது. அடுத்தது வீட்டுக்குள், அணுக்கருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளோரின் பக்கமும் இதே நிலைதான்: ஒரு எலக்ட்ரானுக்குத்தான் அதன் வெளிக்கூட்டில் இடம் மிச்சம், இரண்டாவது வந்தால் வெகுதூரத்தில் இருக்கும் அடுத்த கூட்டுக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே எதிர் மின்னூட்டம் உள்ள அயனி அதை நெட்டித் தள்ளவும் செய்யும். எட்டு என்ற எண் எதனால் என்றால், வெளிக்கூட்டில் ஆர்பிட்டால் என்னும் எலக்ட்ரான் இருப்பிடங்களில் எஸ் வகை ஒன்று, பி வகை மூன்று, ஆக நான்கு. ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான்தான் இருக்கலாம் என்பது இயற்பியலாளர் பவுலி 1925-ல் கண்டுசொன்ன தவிர்ப்பு விதி. நாலு ரெண்டு எட்டு.

உங்கள் மகளுக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் மழை பெய்தால் தண்ணீர் வண்டியூர் கண்மாய்க்குப் போகிறது. கண்மாய் நிறைய வேண்டும் என்று தண்ணீருக்கு ஆசையா? சரிவு அந்தப் பக்கம் இருக்கிறது, ஓடுகிறது. கண்மாய் நிறைந்தது விளைவு. எட்டும் அப்படித்தான், சரிவின் அடியில் போய்ச் சேர்ந்த இடம். இந்த உவமையிலும் ஒன்றை விட்டுவிடக் கூடாது. கீழே இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் எங்காவது வெளியேற வேண்டும். வெற்றிடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் மட்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. வந்த வேகத்திலேயே பிரிந்துபோகும். மிஞ்சிய ஆற்றலை வாங்கிக்கொண்டு போக மூன்றாவதாக ஒரு துகளோ பாத்திரத்தின் சுவரோ பக்கத்தில் இருந்தால்தான் சேர்ந்து நிற்கும்.

இதுவரை பேசியது அயனிப் பிணைப்பு. அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு இன்னும் நுட்பமானது, எனக்கு இன்னும் பிடித்ததும் அதுதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும்வரை ஒன்றுக்கு ஒன்று பொருட்டில்லை. நெருங்க நெருங்க, இதன் எலக்ட்ரானை அதன் கருவும் அதன் எலக்ட்ரானை இதன் கருவும் இழுக்கத் தொடங்குகின்றன. எலக்ட்ரான் மேகம் இரண்டு கருக்களுக்கும் இடையில் திரள்கிறது. ஆற்றல் குறைந்துகொண்டே போய், கருக்களின் இடைவெளி 74 பிகோமீட்டர் ஆகும்போது அடித்தளத்தைத் தொடுகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் இந்த இடைவெளியை ஒன்றேகால் கோடித் தடவைக்கு மேல் அடுக்கலாம். இதற்கும் கிட்டே போனால் கருக்கள் ஒன்றை ஒன்று தள்ளுவது ஓங்கிவிடும், ஆற்றல் செங்குத்தாக ஏறும். ஆக, பிணைப்பு என்பது கொக்கியும் இல்லை, பசையும் இல்லை. அது ஒரு பள்ளம். அணுக்கள் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து, இரண்டு பக்கச் சரிவிலும் ஏறி இறங்கி அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வை ஒளியைக் கொண்டு படிக்கலாம். நம் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928-ல் கண்டறிந்த சிதறல் விளைவு இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அதற்குத்தான் பயன்படுகிறது. இது இன்ன பிணைப்பு, இவ்வளவு இறுக்கம் என்று சிதறிய ஒளியின் நிறமாலை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இடத்தில் எது உறுதி, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 74 பிகோமீட்டர் என்பதும், அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும் என்பதும் அளந்து கண்டவை, மாற்றமில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு ஏன் நிலைக்கிறது என்பதைக் அணு அளவிலான துகள்களின் இயக்கத்தைச் சொல்லும் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு ஹைட்லர், லண்டன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1927-ல் கணக்கிட்டுக் காட்டியதும் உறுதி. ஆனால் ஆற்றல் குறைவதற்கு மூல காரணம் எது என்று கேட்டால், இரண்டு கருக்களுக்கு நடுவே எலக்ட்ரான் திரண்டு நிற்பதால் வரும் மின் இழுப்புதான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எலக்ட்ரானுக்கு உலவ இரண்டு வீடு கிடைத்து அதன் நெருக்கடி தளர்ந்து இயக்க ஆற்றல் இறங்குவதுதான் முதல் காரணம் என்பது இன்னொரு சாரார் வாதம். இது 1933-ல் ஹெல்மன் தொடங்கி, 1962-ல் ரூடன்பெர்க் விரிவாக வளர்த்தது. இன்றைக்கும் இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. கணக்கின் விடையில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த விடைக்குப் பொருள் சொல்வதில்தான். பள்ளிப் பிள்ளைக்கு முதல் விளக்கம் போதும் என்பது என் கருத்து. ஆனால் அதுவே முழுக் கதை என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வெளிக்கூட்டில் எட்டு நிரம்ப வேண்டும் என்ற எண்ம விதி பொய்யா என்றும் கேட்பீர்கள். பொய் இல்லை, அதற்கு எல்லை உண்டு. 1916-ல், குவாண்டம் இயக்கவியல் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் வேதியியலாளர் லூயிஸும் ஜெர்மனியில் இயற்பியலாளர் கோசலும் தனித்தனியே இந்த முடிவுக்கு வந்தார்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு எலக்ட்ரான் என்று லூயிஸ் புள்ளி வைத்துக் காட்டிய படத்தை இன்றைக்கும் நாம் கரும்பலகையில் போடுகிறோம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் இந்த நான்குக்கும் பெரும்பாலான சேர்மங்களில் விதி பிசகாது. நம் உடம்பில் பெரும்பகுதி இவற்றில் முதல் மூன்றும் ஹைட்ரஜனும்தான். அவற்றை விட்டு வெளியே வந்தால் நிலைமை மாறும். போரான் ட்ரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடில் புள்ளி வைத்து எண்ணினால் பன்னிரண்டு. நைட்ரிக் ஆக்சைடில் மொத்தம் பதினொரு வெளிக்கூட்டு எலக்ட்ரான். ஒற்றைப்படையை எட்டு எட்டாகப் பிரிக்க வழியே இல்லை, ஆனாலும் அந்த மூலக்கூறு நம் இரத்தக் குழாய்களில் இருக்கிறது. எட்டு நிரம்பிய மந்த வாயு யாரோடும் சேராது என்று நம்பியிருந்தபோது, 1962-ல் வேதியியலாளர் பார்ட்லெட் செனான் என்ற மந்த வாயுவைச் சேர வைத்துக் காட்டினார். சல்ஃபர் எப்படிப் பன்னிரண்டைத் தாங்குகிறது என்பதற்கு டி ஆர்பிட்டால்களைக் காரணம் காட்டுவதைப் பழைய புத்தகங்களில் பார்க்கலாம். பின்னால் வந்த கணக்கீடுகள், அவற்றின் பங்கு மிகக் குறைவு, சல்ஃபர் பெரிய அணுவாக இருப்பதும் ஃபுளூரின் எலக்ட்ரானைத் தன் பக்கம் பலமாக இழுத்துக்கொள்வதும்தான் முக்கியம் என்கின்றன. நான் பல ஆண்டுகள் நடத்திய பாடம் திருத்தப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

இப்போது டியூஷனில் சொன்னதற்கு வருகிறேன். அது தவறு, உங்கள் மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வரும். பள்ளத்தில் கிடப்பதை மேலே தூக்கச் செலவு, உள்ளே விழுந்தால் வரவு. குழப்பம் எங்கே வருகிறது என்றால், தீக்குச்சியைப் பார்த்து. நமக்குத் தெற்கே சிவகாசி, கோவில்பட்டியில் செய்து வரும் தீப்பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். உரசினால் தீ வருகிறது. உள்ளே அடைத்து வைத்திருந்தது உடைந்து வெளியே வந்துவிட்டது போலத்தான் தோன்றும். நடப்பது வேறு. உரசலின் சூடு முதலில் சில பழைய பிணைப்புகளை உடைக்கிறது, அது செலவு. பிறகு ஆக்சிஜனோடு உருவாகும் புதிய பிணைப்புகள் பழையதைவிட ஆழமான பள்ளங்கள். அங்கிருந்துதான் வெளிச்சமும் சூடும். எண் வேண்டுமென்றால் எளிதான கணக்கு இதோ: இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் எரிந்து நீராவியாகின்றன. உடைக்க 436 இரண்டு தடவை, 498 ஒரு தடவை. மொத்தம் 1,370 செலவு. நான்கு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாக, ஒன்றுக்கு 463 வீதம் 1,852 வரவு. மிச்சம் 482 கிலோஜூல், இதுதான் தீ. உயிரியல் பாடத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி உடைந்து ஆற்றல் தருகிறது என்று வருவதும் இதே வகைதான். உடைவது மட்டும் ஆற்றல் தராது. தண்ணீரோடு சேர்ந்து உருவாகும் விளைபொருள்கள் இன்னும் நிலையானவை என்பதால்தான் மொத்தக் கணக்கில் மிச்சம் வருகிறது.

அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று புத்தகம் இரண்டு பெட்டியில் போட்டாலும் இடையில் சுவர் கிடையாது. எலக்ட்ரானை இரண்டு அணுக்களும் சமமாக இழுத்தால் ஒரு முனை, ஒன்று முழுக்க இழுத்துக்கொண்டால் மறுமுனை. தண்ணீர் நடுவே எங்கோ நிற்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாக இழுப்பதால் அதன் பக்கம் சற்றே எதிர் மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர் மின்னூட்டம். அதனால் ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைத் தொட்டுக்கொள்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்பின் வலு மோலுக்கு சுமார் 20 கிலோஜூல்தான். மே மாத வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது இதனால்தான்: பானைச் சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது இந்தப் பிடியை விடுவிக்கத் தேவையான வெப்பத்தைப் பானைக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல். அங்கே 463 கிலோஜூல் பிணைப்பு ஒன்றும் உடைவதில்லை. ஆவியானபின்னும் அது தண்ணீர்தான்.

பிடி இறுகினதற்கும் தளர்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நான் முதலில் கண்ணால் பார்த்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, சாயப் பட்டறையில். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுங்குடி போட்டவர்கள். அங்கே ஒரு பெரியவர் முடிச்சுப் போட்ட சேலையைச் சாயத் தொட்டியில் முக்கினார். முதலில் உப்பு போட்டார். சாயம் தண்ணீரிலிருந்து துணிப் பக்கம் நகர்ந்தது. பிறகு சோடா ஆஷ் கரைத்து ஊற்றினார். "இனிமே பிடிச்சுக்கிரும் தம்பி" என்றார். அந்தச் சோடாக் காரம் பருத்தியின் செல்லுலோஸில் உள்ள ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதியிலிருந்து ஹைட்ரஜனை விலக்குகிறது. வெறுமனே நிற்கும் ஆக்சிஜன் ரியாக்டிவ் சாயத்தின் கார்பனோடு சகப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. அதன்பின் சாயமும் நூலும் ஒரே மூலக்கூறு. சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தபோது பிடிக்காமல் மிஞ்சிய சாயம் மட்டும் வெளியேறியது. இந்த வகைச் சாயம் 1956-ல்தான் சந்தைக்கு வந்தது. டைரக்ட் சாயம் போட்ட துணி ஒவ்வொரு துவைப்புக்கும் வாளித் தண்ணீரைச் சிவப்பாக்குவது, ஹைட்ரஜன் பிணைப்பையும் அதைவிட மெல்லிய ஈர்ப்பையும் மட்டும் நம்பி அது நூலில் ஒட்டியிருப்பதால். அதற்கும் முந்திய காலத்துச் சாயவேர்ச் சிவப்புக்குப் படிகாரம் போட்டார்கள். படிகாரத்தின் அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறுகையால் சாயத்தையும் பிடிக்கிறது. எலக்ட்ரான் ஜோடியை ஒரு தரப்பே கொடுக்கும் ஈதல் சகப்பிணைப்பு அது.

தேர்வில் என்ன எழுதுவது என்றும் கேட்பீர்கள். எண்ம விதியைப் புத்தகத்தில் உள்ளபடி எழுதட்டும், புள்ளிப் படத்தைத் தவறில்லாமல் போடட்டும். அதில் பொய் எழுதுவதாக ஒன்றும் இல்லை. "அணு விரும்புகிறது" என்ற இடத்தில் மட்டும் "ஆற்றல் குறைகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க மாட்டார். உலோகப் பிணைப்பு பாடத்தில் ஓரிரண்டு வரியில் கடந்துபோயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். நல்ல கல்லுப்புத் துண்டு ஒன்றை அம்மிமேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. சிதறிப்போகும், சிதறிய துண்டுகளிலும் செங்கோண ஓரங்கள் தெரியும். பழைய ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை அதே இடத்தில் வைத்து அதே தட்டு. நசுங்கித் தட்டையாகும், உடையாது. செம்பில் வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் எல்லா அணுக்களுக்கும் பொதுவாகப் பரவிக் கிடக்கின்றன என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள். உப்பில் ஒரு வரிசை நகர்ந்தால் எந்த அயனி எந்த அயனிக்கு எதிரே வந்து நிற்கும் என்பதை அவளே கட்டம் போட்டு வரைந்து பார்க்கட்டும். என்ன கண்டுபிடித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.